இராக்கிலிருந்து நேச நாட்டுப் படைகள் கிளம்பியபோது ஊடகங்கள் எதை எண்ணின?

கேள்வி இது: இராக் போரில் அமெரிக்காவோடு சேர்ந்து போன நாடுகள் 2004-லிருந்து ஒவ்வொன்றாகப் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அது கோழைத்தனம் என்கிறார் என் நண்பர் ஒருவர், போரே தோற்றுப்போனதற்குச் சாட்சி என்கிறார் இன்னொருவர். அப்புறம், ஊடகங்கள் இதை ஊதிப் பெருக்கின என்று முதலாமவரும், மூடி மறைத்தன என்று இரண்டாமவரும் சண்டை போடுகிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் கையிலும் ஆதாரம் இருக்கிறது, அதனால்தான் இந்தச் சண்டை இருபது வருடமாக ஓயவில்லை. ஊடகங்கள் இந்த விஷயத்தில் அப்பட்டமாகப் பொய் சொன்ன இடங்கள் குறைவு. எதை எண்ணுவது என்பதில்தான் விளையாடினார்கள். ஒரு நாடு படையோடு வந்தால் அதன் கொடியை எண்ணுவது, அதே நாடு கிளம்பினால் போகிற தலைகளை எண்ணுவது. இது போரை ஆதரித்தவர்களின் கணக்கு. எதிர்த்தவர்கள் அப்படியே தலைகீழ்: வரும்போது "வெறும் இருநூறு பேர்தானே" என்று தலையை எண்ணிவிட்டு, போகும்போது "இன்னொரு நாடும் கழன்றுகொண்டது" என்று கொடியை எண்ணினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய செய்திகளைப் புரட்டினால் பாதிக்குமேல் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்தக் கூட்டணி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2003 மார்ச் 20-ம் தேதி போர் தொடங்கியபோது களத்தில் இறங்கிச் சண்டை போட்டவை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அப்புறம் போலந்து. பிரிட்டன் சுமார் 45,000 பேர், ஆஸ்திரேலியா சுமார் 2,000, போலந்து ஏறக்குறைய 200. ஆனால் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஆதரவு நாடுகளின் பட்டியல் ஐம்பதை நெருங்கியது. அதில் பலாவ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா எல்லாம் இருந்தன, ராணுவமே இல்லாத நாடுகள். ஐஸ்லாந்துக்கும் ராணுவம் கிடையாது. கோஸ்டாரிகா 1948-லேயே ராணுவத்தைக் கலைத்த நாடு. அதுவும் பட்டியலில் இருந்தது. 2004 செப்டம்பரில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், இது நம் சாசனத்துக்கும் ஐநா விதிகளுக்கும் விரோதம், பெயரை எடுக்கச் சொல்லுங்கள் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் போனது. ஆக, "கூட்டணியிலிருந்து விலகிய நாடுகள்" என்று யாராவது பட்டியல் போட்டால், அதில் ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாத நாடும் வரும். கணக்கு அங்கேயே கோணல்.

இத்தனை கொடிகள் எதற்கு? ஐநா பாதுகாப்பு சபையின் அனுமதி கிடைக்கவில்லை, பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தன. உலகமே எங்களோடு நிற்கிறது என்று உள்ளூர் மக்களிடம் காட்டியாக வேண்டியிருந்தது. காட்டியது பலித்தும் இருந்தது. 2003 அக்டோபரில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு குழு வெளியிட்ட ஆய்வில், உலக மக்களில் பெரும்பாலோர் இந்தப் போரை ஆதரிக்கிறார்கள் என்று நம்பிய அமெரிக்கர்கள் நாலில் ஒரு பங்கு. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டுவிட்டன, சதாமுக்கும் அல்-காய்தாவுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது, உலகம் நம் பக்கம், இந்த மூன்று தவறான நம்பிக்கைகளில் ஒன்றாவது கொண்டிருந்தவர்கள் ஃபாக்ஸ் நியூஸ் பார்வையாளர்களில் 80 சதவீதம், அரசு உதவி பெறும் பொது வானொலி, பொதுத் தொலைக்காட்சி நேயர்களில் 23 சதவீதம். ஃபாக்ஸ் மட்டும் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம், மற்ற பெரிய சேனல்களின் பார்வையாளர்களும் பாதிக்குக் குறையாமல் இப்படித்தான் நம்பினார்கள். போரின் முதல் மூன்று வாரங்களில் ஆறு முக்கியச் செய்தி நிகழ்ச்சிகளில் பேசவைத்த அமெரிக்கர்களில் போரை எதிர்த்தவர்கள் மூன்றே சதவீதம் என்று ஓர் ஊடகக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிச் சொன்னது. அந்த அமைப்பு இடதுசாரிச் சார்புள்ளது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான், யாரும் அதை மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

கொடிக்காகக் கூப்பிட்டதால் கொடிக்கான கூலியும் பேசப்பட்டது. பல சிறிய நாடுகளின் வீரர்களை ஏற்றிப்போனது அமெரிக்க விமானம், அவர்களுக்குச் சாப்பாடும் எரிபொருளும் அமெரிக்கச் செலவு. போலந்துக்கு விசா இல்லாமல் அமெரிக்கா போய்வரும் சலுகை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது கிடைத்தது 2019 நவம்பரில், போலந்துப் படை இராக்கை விட்டு வந்து பதினோரு வருடம் கழித்து! நம்மையும் கேட்டார்கள், பலருக்கு இது மறந்திருக்கும். 2003-ல் ஒரு முழு டிவிஷன், 17,000 பேர் அளவுக்கு, வடக்கு இராக்குக்கு அனுப்பும்படி இந்தியாவைக் கேட்டது அமெரிக்கா. வாஜ்பாய் அரசுக்குள் ஆதரவாகவும் குரல்கள் இருந்தன. கடைசியில் ஜூலை 14 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐநாவின் தெளிவான ஆணை இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டது. அனுப்பியிருந்தால் பிரிட்டனுக்கு அடுத்தபடியாகவோ, அதைவிடப் பெரிதாகவோ நம் படைதான் அங்கே இருந்திருக்கும், எப்போது திரும்புவது என்று நாமும் இங்கே அடித்துக்கொண்டிருப்போம்.

இப்போது ஸ்பெயின். முழு விவாதத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஸ்பெயின் மக்களில் பத்தில் ஒன்பது பேர் போரை எதிர்த்தார்கள். பிரதமர் அஸ்நார் அதை மீறி அமெரிக்க அதிபர் புஷ்ஷோடும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரோடும் அசோர்ஸ் தீவில் நின்று படம் எடுத்துக்கொண்டார், பிறகு நஜஃப், திவானியா பகுதிகளுக்குச் சுமார் 1,300 வீரர்களை அனுப்பினார். எதிர்க்கட்சித் தலைவர் சபத்தேரோ, நான் ஜெயித்தால், ஜூன் 30-க்குள் ஐநா பொறுப்பேற்காவிட்டால் படையைத் திரும்ப அழைப்பேன் என்று தேர்தலுக்கு வெகு முன்பே சொல்லிவிட்டார். 2004 மார்ச் 11 காலை மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்தன, 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றே நாளில் தேர்தல். அதில் ஆளுங்கட்சி தோற்றது.

அமெரிக்காவில் பல பத்திரிகைகளிலும் அரசியல்வாதிகள் வாயிலும் உடனே வந்த தீர்ப்பு: ஸ்பெயின் மக்கள் பயங்கரவாதிகளுக்குப் பணிந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கக் கீழவையின் சபாநாயகரே அந்தப் பொருளில் பேசினார். ஆனால் அந்த மூன்று நாளும் ஸ்பெயினுக்குள் நடந்ததைப் பார்த்தால் கதை வேறு. குண்டு வெடித்த அன்றே, பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாதான் செய்தது என்று அரசு அடித்துச் சொன்னது. அஸ்நாரே பெரிய நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கு ஃபோன் செய்தார். அந்த உறுதியை நம்பி, அரசுக்கு எதிரணியில் இருந்த எல் பாயிஸ் நாளிதழ்கூட அன்றைய சிறப்புப் பதிப்பில் எட்டாவின் பெயரைத் தலைப்பில் போட்டது. தூதரகங்களுக்கு அதே மாதிரி சொல்லும்படி வெளியுறவு அமைச்சரிடமிருந்து உத்தரவு போனது. ஐநா பாதுகாப்பு சபை அன்றே நிறைவேற்றிய 1530-ம் தீர்மானத்தில் எட்டாவின் பெயர் ஏறிவிட்டது. இன்றும் அப்படியே இருக்கிறது. இதற்குள் அல்காலா தெ எனாரெஸ் ரயில் நிலையம் அருகே ஒரு வேனில் டெட்டனேட்டர்களும் குர்ஆன் ஓதும் ஒலிநாடாவும் கிடைத்துவிட்டன. அரசு அதைச் சொன்னது, ஆனால் எட்டா மீதான சந்தேகமே முதன்மை என்று சனிக்கிழமை வரை இழுத்தது. சனிக்கிழமை இரவு மக்கள் குறுஞ்செய்தி அனுப்பி ஒருவரையொருவர் கூட்டி, ஆளுங்கட்சி அலுவலகத்துக்கு முன்னால் போய், உண்மையைச் சொல் என்று கத்தினார்கள். அரசுத் தொலைக்காட்சி அன்றிரவு வழக்கமான நிகழ்ச்சியை மாற்றி, எட்டா செய்த ஒரு கொலையைப் பற்றிய ஆவணப்படத்தைப் போட்டது.

ஆகவே வாக்காளர்கள் குண்டுக்குப் பணிந்தார்களா, பொய்யைத் தண்டித்தார்களா? இரண்டும் கலந்திருக்கலாம், முன்பே போர் மீதிருந்த கோபமும் சேர்ந்திருக்கலாம். முதலாவதை மட்டும் எடுத்துப் போட்ட செய்தித்தாள்கள் இரண்டாவதை ஒரு வரியில் கடந்தன. அதைத்தான் நான் சாய்வு என்கிறேன். மறுபக்கம், சபத்தேரோவை உத்தமராகக் காட்டியவர்களும் ஒன்றை விட்டுவிட்டார்கள். அவர் சொன்ன கெடு ஜூன் 30, ஐநா பொறுப்பேற்றால் இருப்போம் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. பதவியேற்ற மறுநாளே, ஏப்ரல் 18 அன்று, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்று அறிவித்துவிட்டார். அது ஷியா மதத்தலைவர் முக்தாதா அல்-சதரின் ஆயுதக் குழுவான மஹ்தி படை நஜஃபில் எழுந்து அடித்துக்கொண்டிருந்த வாரங்கள். ஏப்ரல் 4-ம் தேதி ஸ்பெயின் படைமுகாமே தாக்கப்பட்டது, கூட இருந்த எல் சால்வடோர் வீரர்கள் கடும் சண்டை போட்டார்கள். அந்த இடத்தை அமெரிக்கப் படை அவசரமாக நிரப்ப வேண்டியிருந்தது. ஸ்பெயினின் கீழ் இருந்த ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு இரண்டும் கூடவே கிளம்பின. இதில் அமெரிக்கத் தளபதிகள் எரிச்சலடைந்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, பணிந்தால் விட்டுவிடுவார்கள் என்ற வாதத்துக்கும் பணிந்ததால்தான் தாக்குதல் என்ற வாதத்துக்கும் ஒரே நேரத்தில் இடிக்கிற உண்மை: தேர்தல் முடிந்து, படையைத் திரும்ப அழைக்கப் போகிறோம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, ஏப்ரல் 2 அன்று மாட்ரிட்-செவில் அதிவேக ரயில் பாதையில் ஒரு குண்டு கண்டுபிடிக்கப்பட்டது. மறுநாள் லெகனேஸ் என்ற புறநகரில் போலீஸ் சுற்றிவளைத்தபோது, மார்ச் 11 கும்பலைச் சேர்ந்தவர்கள் வீட்டோடு தங்களை வெடிக்கவைத்துக்கொண்டார்கள். இது இரண்டு தரப்பின் கட்டுரைகளிலும் வசதியாகக் காணாமல் போகும்.

இந்த மாதிரி விவாதத்தில் அடுத்து வருவது பிலிப்பைன்ஸ். 2004 ஜூலையில் ஒரு பிலிப்பைன்ஸ் லாரி ஓட்டுநரைப் பிடித்து வைத்துக்கொண்டு, படை வெளியேறாவிட்டால் தலையை வெட்டுவோம் என்றார்கள். பிலிப்பைன்ஸ் அனுப்பியிருந்தது மொத்தமே 51 பேர், ஆகஸ்ட் 20-ல் எப்படியும் அவர்கள் கெடு முடிகிறது. அதிபர் அர்ரோயோ ஒரு மாதம் முன்பே திரும்ப அழைத்துக்கொண்டார், ஓட்டுநர் உயிரோடு வந்தார். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கடுமையாகத் திட்டின. மணிலாவில் அவர் வீரர். பத்து லட்சத்துக்கும் மேல் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வளைகுடாவில் வேலை பார்க்கும்போது அந்தத் தலைவர் வேறு என்ன செய்ய முடியும்? வளைகுடாவில் சொந்தக்காரர் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சரி, ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் விடுதலையான மறுநாள், ஜூலை 21 அன்று, குவைத் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த மூன்று இந்தியர்கள், மூன்று கென்யர்கள், ஓர் எகிப்தியர் கடத்தப்பட்டார்கள். பாருங்கள், விட்டுக்கொடுத்தால் இப்படித்தான் என்று பலர் எழுதினார்கள். இந்தியா அங்கே ஒரு சிப்பாயைக்கூட அனுப்பியிருக்கவில்லை, கடத்தியவர்கள் கேட்டது அந்த நிறுவனம் வெளியேற வேண்டும் என்று. கடத்தல் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டிருந்த நாடு அது. ஒரு சம்பவத்தைக் காரணமென்றும் அடுத்ததை விளைவென்றும் கோர்ப்பது எழுதுகிறவருக்குச் சுலபம், நிரூபிப்பது கஷ்டம். அந்த இந்தியர்கள் செப்டம்பர் 1-ம் தேதி விடுதலையானார்கள்.

அதே கோடையில் தென் கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கடத்திக் கொன்றார்கள். கொரியா பின்வாங்கவில்லை, சியோலில் பெரிய போராட்டங்கள் நடந்தும், முன்பே முடிவு செய்திருந்தபடி 3,000 பேரை எர்பில் பகுதிக்கு அனுப்பியது. இந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்பெயின் எடுத்தது 1,300, கொரியா சேர்த்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தலைக் கணக்கில் அந்த வருடம் கூட்டணி பெரிதாக இளைக்கவே இல்லை. ஐரோப்பியப் பத்திரிகைகளில் ஸ்பெயின் வெளியேறியது வாரக்கணக்கில் முதல் பக்கம், கொரியா வந்தது உள்பக்கத்தில் ஒரு பத்தி. போரை ஆதரித்தவர்கள் அப்போது புலம்பியதில் இந்த அளவுக்கு உண்மை இருந்தது. 2005 மார்ச்சில் முத்தன்னா மாகாணத்தை விட்டு 1,350 டச்சு வீரர்கள் கிளம்பினார்கள். அந்த இடத்துக்கு பிரிட்டன் 600 பேரும் ஆஸ்திரேலியா 450 பேரும் அனுப்பின. பல இடங்களில் இந்தச் செய்தியின் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

ஆனால் அந்த 3,000 பேர் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். எர்பில் குர்து மக்களின் பகுதி, இராக்கிலேயே அமைதியான இடம். ஜப்பானின் 600 தரைப்படையினர் சமாவாவில் குடிநீர் சுத்திகரிப்பு, பள்ளிக்கூடம் கட்டுவது என்று இருந்தார்கள். அவர்கள் சாசனப்படி சண்டை போட முடியாது, காவலுக்கு முதலில் டச்சுக்காரர்கள், பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியப் படைகள். 1,600 பேர் வைத்திருந்த உக்ரைன், 2004 ஏப்ரலில் மஹ்தி படை கூட் நகரில் நெருக்கியதும் அங்கிருந்த முகாமை விட்டு வெளியேறியது, நகரத்தை அமெரிக்கப் படை போய்த்தான் மீட்டது. ஒவ்வொரு நாட்டின் படையும் தன் தலைநகரம் போட்ட விதிகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தது. ராத்திரி ரோந்து கூடாது, இந்த மாகாணத்தைத் தாண்டக் கூடாது, நேரடித் தாக்குதலில் இறங்கக் கூடாது என்று. படம் பிடிக்கக் கொடி போதும், சண்டைக்கு அது ஆகாது. எனவே கொடியை எண்ணினாலும் தலையை எண்ணினாலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் படை போனால் களத்தில் யாருடைய வேலை அதிகரிக்கும்? அதை எழுதிய நிருபர்கள் இருந்தார்கள், குறைவு. அந்த ஊர்களுக்குப் போகவே உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஜப்பான் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு, கசப்பான வேடிக்கை. 2004 ஏப்ரலில் மூன்று ஜப்பானியர்கள், தொண்டு வேலைக்கும் செய்தி சேகரிக்கவும் போனவர்கள், கடத்தப்பட்டார்கள். பிரதமர் கொய்சுமி படையைத் திரும்ப அழைக்க மறுத்தார். அவர்கள் ஒரு வாரத்தில் உயிரோடு விடுதலையாகி ஊர் வந்தபோது ஜப்பானியப் பத்திரிகைகளிலும் பொதுமக்களிடமும் வரவேற்பு இல்லை, வசைதான் கிடைத்தது. சொந்தப் பொறுப்பில் போய்விட்டு நாட்டுக்குத் தொல்லை கொடுத்தார்கள் என்று. விமானச் செலவுக்கு அரசு பில் போட்டது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல்தான் அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். படை அங்கே இருக்க வேண்டுமா என்ற கேள்வி, மூன்று இளைஞர்களின் நடத்தை சரியா என்ற கேள்வியாக மாறிப்போனது. ஊடகச் சாய்வு என்றால் எல்லோருக்கும் அமெரிக்கச் சேனல்கள்தான் நினைவுக்கு வரும். எனக்கு இதுதான் முதலில் வரும்.

இத்தாலியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நசிரியாவில் 2003 நவம்பரில் ஒரே குண்டுவெடிப்பில் 19 இத்தாலியர்கள் போனார்கள். 2005 மார்ச்சில், கடத்தப்பட்ட பெண் பத்திரிகையாளரை மீட்டுக் கூட்டிவந்த உளவுத்துறை அதிகாரி நிக்கோலா கலிபாரியை பாக்தாத் விமான நிலையச் சாலையில் அமெரிக்கப் படையினர் சுட்டுக்கொன்றார்கள். சில நாளில் பிரதமர் பெர்லுஸ்கோனி, நாட்டின் பெரிய தனியார் சேனல்களுக்கு முதலாளியும் அவரே, ஓர் இரவுத் தொலைக்காட்சிப் பேட்டியில் படைக்குறைப்பு செப்டம்பரில் தொடங்கும் என்றார், மறுநாளே அப்படி உறுதியாகச் சொல்லவில்லை என்றார். கடைசியில் 2006 டிசம்பரில், அடுத்து வந்த பிரதமர் புரோடி காலத்தில் இத்தாலி வெளியேறி முடித்தது.

போலந்து? 2004 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான புஷ்-கெர்ரி விவாதத்தில், போருக்குப் போனது மூன்றே நாடுகள்தான் என்று கெர்ரி சொல்ல, போலந்தை மறந்துவிட்டீர்களே என்று புஷ் மடக்கினார். அதிகம் பேர் சிரித்த வரி அது. ஒரு வாரத்துக்குள் போலந்தின் பாதுகாப்பு அமைச்சர், அடுத்த வருடக் கடைசிக்குள் படையைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று பேட்டி கொடுத்தார். அதற்கு அரை வருடம் முன்பே அவர்களின் அதிபர் குவாஸ்னியெவ்ஸ்கி, பேரழிவு ஆயுத விஷயத்தில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். இத்தனைக்கும் போலந்து 2008 அக்டோபர் வரை இருந்தது!

இனி பிரிட்டனுக்கு வருகிறேன். என் கருத்தில், ஊடகங்கள் மிக மோசமாகத் தவறியது இங்கேதான்.

2007 ஜனவரியில் புஷ் கூடுதலாக 21,500 வீரர்களை இராக்குக்கு அனுப்புவதாக அறிவித்தார், நிலைமை அவ்வளவு மோசம். பிப்ரவரி 21 அன்று பிளேர், தெற்கு இராக்கின் பஸ்ராவிலிருந்து 1,600 பேரைத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். அதே நாளில் டென்மார்க்கும் தன் 460 பேரை ஆகஸ்டுக்குள் எடுப்பதாக அறிவித்தது. ஸ்பெயின் போனபோது பணிந்துவிட்டார்கள் என்ற கூட்டம் இப்போது என்ன சொன்னது? இராக்கின் சில பகுதிகளில் நிலைமை நன்றாகப் போகிறது என்பதற்கு இது உறுதிச்சான்று என்று துணை அதிபர் செனி தொலைக்காட்சியில் சொன்னார். பத்து நாள் முன்புதான் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹோவர்ட், படைகளை 2008 மார்ச்சுக்குள் வெளியேற்றச் சொன்ன ஒபாமா ஜெயிக்க வேண்டுமென்று அல்-காய்தா பிரார்த்தனை செய்யும் என்று பேசியிருந்தார். ஒபாமா திருப்பிச் சொன்னது தலைக் கணக்கு: எங்களுக்கு அங்கே 1,40,000 பேர், உங்களுக்கு 1,400, அவ்வளவு ஆர்வமிருந்தால் இன்னும் 20,000 பேரை அனுப்புங்கள். ஒரே மாதத்தில் ஒருவர் திட்டம் போட்டால் துரோகம், இன்னொருவர் நடத்திக்காட்டினால் வெற்றி. செனியின் பேச்சையும் ஹோவர்டின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்ட தொலைக்காட்சி நேர்காணல்கள் மிகக் குறைவு.

2007 செப்டம்பர் 2-ம் தேதி இரவோடு இரவாக, பஸ்ரா அரண்மனையில் இருந்த சுமார் ஐநூறு பிரிட்டிஷ் வீரர்கள் ஊருக்கு வெளியே விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு தாக்குதலும் இல்லை. திட்டமிட்ட இடமாற்றம், தோல்வியெல்லாம் இல்லை என்றார் பிளேருக்குப் பின் வந்த பிரதமர் பிரவுன். தாக்குதல் ஏன் இல்லை? தங்களைத் தினமும் குண்டுவீசிக் கொன்றுகொண்டிருந்த மஹ்தி படையோடு, சிறையில் இருந்த அதன் உள்ளூர்த் தளபதி மூலமாக, பிரிட்டிஷ் தரப்பு பேசி வைத்திருந்தது: நீங்கள் சுடாதீர்கள், நாங்கள் உங்கள் ஆட்களைப் படிப்படியாக விடுவிக்கிறோம். நகரம் ஆயுதக் கும்பல்கள் கைக்குப் போனது. 2008 மார்ச் 25 அன்று இராக் பிரதமர் மாலிகி, பிரிட்டிஷாரிடம் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாமலே தன் படையை பஸ்ராவுக்குள் இறக்கினார், திணறிய அந்தப் படைக்கு உதவப் போனவர்கள் அமெரிக்கர்கள். இந்தப் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணை அறிக்கை 2016 ஜூலையில் வந்தபோது, தன்னைத் தாக்கிக்கொண்டிருந்த ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்வதே இருப்பதில் நல்ல வழி என்ற நிலைக்கு பிரிட்டன் வந்தது அவமானகரமானது என்று அப்படியே எழுதியது.

51 பேரை எடுத்த பிலிப்பைன்ஸ் உலகம் முழுக்க வசை வாங்கியது. ஒரு நகரத்தையே பேரம் பேசி விட்டுவிட்டு வந்த பிரிட்டனுக்கு "பொறுப்பு ஒப்படைப்பு" என்ற மரியாதையான தலைப்பு கிடைத்தது. உடன்பாடு பற்றிய செய்திகள் அப்போதே சில பத்திரிகைகளில் கசிந்தன, யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. பெரிய நாட்டின் ராணுவப் பேச்சாளர் சொல்வதை எழுதிக்கொள்வதும், சின்ன நாட்டின் அதிபரைக் கேள்வி கேட்பதும் நிருபர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. படையோடு கூடவே தங்கி, அவர்கள் வண்டியில் போய், அவர்கள் காவலில் தூங்கி எழுதுகிறவர் அவர்களை விட்டு விலகி எழுதுவது கஷ்டம், அதில் கெட்ட எண்ணம் தேவையில்லை. கெட்ட எண்ணம் இருந்த இடமும் உண்டு. அமெரிக்க ராணுவம் எழுதிய கட்டுரைகளைக் காசு கொடுத்து இராக் நாளிதழ்களில் செய்தியாகப் போட வைத்தது 2005 நவம்பரில் வெளியானது. தொலைக்காட்சியில் சுதந்திர நிபுணர்களாகப் பேசிய ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் பாடம் எடுத்து அனுப்பியதும், அவர்களில் பலருக்கு ராணுவ ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்பு இருந்ததும் 2008 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் மூலம் வந்தது. அதே நியூயார்க் டைம்ஸ்தான் 2004 மே மாதம், பேரழிவு ஆயுதம் பற்றிய தன் செய்திகள் போதுமான கடுமையோடு சோதிக்கப்படவில்லை என்று வாசகர்களுக்கு விளக்கம் எழுதியது. நம்மூர் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கம் பெரும்பாலும் இதே மேற்கத்தியச் செய்தி நிறுவனங்களிலிருந்து எடுத்ததுதான் என்பதால், அந்தச் சாய்வு நமக்கும் தமிழில் வந்து சேர்ந்தது.

அரபுச் சேனல்கள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இராக்கில் கடும் சண்டை நடந்த ஃபலூஜா நகரத்துக்குள்ளிருந்து அல் ஜசீரா காட்டியதை வேறு யாரும் காட்டவில்லை. அதே சேனல் கடத்தல்காரர்களின் நாடாக்களையும் ஒளிபரப்பியது. கெடு வைத்து ஒரு நாட்டை மிரட்டுகிறவனுக்கு அந்த மேடை இல்லாவிட்டால் மிரட்டலில் பாதி பலம் போய்விடும். 2004 ஆகஸ்டில் இராக் இடைக்கால அரசு அதன் பாக்தாத் அலுவலகத்தை மூடியது, அது சரியான மருந்து என்று நான் நினைக்கவில்லை.

இந்தச் சண்டை முழுவதிலும் காணாமல் போனவர்கள் இராக்கியர்கள். மாட்ரிட், மணிலா, டோக்கியோ, லண்டன், எங்கே பார்த்தாலும் நம் மானம், நம் வாக்குறுதி, நம் வீரர்கள் என்றே விவாதம். 2004 மே மாதம் இராக்கை ஆண்ட அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகமே எடுக்கச் சொன்ன கருத்துக்கணிப்பில், கூட்டணியை ஆக்கிரமிப்புப் படையாகப் பார்ப்பதாகச் சொன்ன இராக்கியர்கள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள், படைகள் உடனே போனால் பாதுகாப்பாக உணர்வோம் என்றார்கள். வெளிநாட்டுப் படை போனால் உள்நாட்டுப் போர் வரும் என்று பயந்தவர்களும் அங்கே இருந்தார்கள், 2006-ல் அவர்கள் பயந்தது படைகள் இருக்கும்போதே நடந்தது. இவர்களில் யாரிடமும் போய், ஸ்பெயின் போகிறதாமே, உங்கள் ஊரில் என்ன மாறும் என்று கேட்டு எழுதிய கட்டுரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே உங்கள் இரண்டு நண்பர்களில், மறைத்தார்கள் என்பவர் பக்கம் நான் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறேன். எதிர்ப்புப் பத்திரிகைகள் வெளியேற்றங்களை ஊதியது உண்மை, ஆனால் அந்த ஊதலால் ஒரு போர் தொடங்கவில்லை. கொடிகளை அடுக்கிக் காட்டியதால் தொடங்கியது, அல்லது தொடங்கச் சுலபமாயிற்று. கோழைத்தனமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. ஜார்ஜியாவையே எடுங்கள். 2008-ல் அமெரிக்கா, பிரிட்டனுக்கு அடுத்த பெரிய படை அவர்களுடையது, 2,000 பேர். அந்த ஆகஸ்டில் ரஷ்யா அவர்கள் நாட்டுக்குள் புகுந்ததும் அமெரிக்க விமானங்களிலேயே அவர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களை யாரும் கோழை என்று எழுதவில்லை, எழுதவும் முடியாது. 2009 ஜூலைக்குப் பிறகு களத்தில் மிஞ்சியது கிட்டத்தட்ட அமெரிக்கா மட்டும்தான். 2010 ஜனவரி 1 அன்று "பன்னாட்டுப் படை" என்ற பெயரையே எடுத்துவிட்டு, இராக்கிலுள்ள அமெரிக்கப் படை என்று மாற்றினார்கள். அது செய்தியாகக்கூடப் பெரிதாக வரவில்லை.

அமெரிக்காவே எப்போது வெளியேறுவது என்பதும் அதற்குள் முடிவாகியிருந்தது. 2008 நவம்பரில் புஷ் அரசு இராக்கோடு போட்ட ஒப்பந்தத்தில், 2011 டிசம்பர் 31-க்குள் எல்லா அமெரிக்கப் படையும் வெளியேற வேண்டும் என்று தேதி போட்டே இருந்தது. அதைக் கொண்டாட டிசம்பர் 14 அன்று புஷ் பாக்தாத் போனார். அந்தச் செய்தியாளர் கூட்டத்தில்தான் ஓர் இராக்கியப் பத்திரிகையாளர் தன் இரண்டு ஷூக்களையும் அவர் மேல் வீசினார். உலகத் தொலைக்காட்சிகள் அதை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டன, ஒப்பந்தத்தில் இருந்த தேதியைப் பற்றி ஓரிரு வரி. 2011 டிசம்பர் 18-ல் கடைசி அமெரிக்க வாகன வரிசை குவைத்துக்குள் போனது. கூடுதல் காலம் தங்க ஒபாமா இன்னும் அழுத்திப் பேசியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு, இராக் நாடாளுமன்றம் அமெரிக்க வீரர்களுக்குச் சட்ட விலக்குத் தரத் தயாராக இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால். ஆனால் ஒபாமா ஓடிவந்துவிட்டார் என்று அப்போது கத்திய சேனல்களில் பல, அந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டது யாருடைய அரசு என்று சொல்லவே இல்லை.